படகில் ஏறாத பைனா

பைனா எனக்கு என்ன உறவு என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் பெரியம்மா என்று சொல்வேன். மேலும் துருவினால், என் அப்பாவின் முதல் மனைவி என்பேன். அதற்கும் மேல் கேட்பவர்களை உட்காரச் சொல்லிவிடுவேன். நின்றுகொண்டு கேட்கிற சங்கதியில்லை அது. அவள் கதையில் பாதியை அவளே சொன்னாள், பாதியை அப்பா சொன்னார். இரண்டு பேரும் சொல்லாமல் விட்டதை என் அம்மா சொன்னாள்.

எங்கள் தீவு தென் கரோலினாக் கரையை ஒட்டியது. கடலும் நிலமும் அங்கே இன்னும் பாகம் பிரித்துக்கொள்ளவில்லை. நாளைக்கு இரண்டு முறை உப்புத் தண்ணீர் புல்லுக்குள் நுழைந்து எல்லாவற்றையும் மூடும். இரண்டு முறை விட்டுப் போகும். விட்டுப் போன சேற்றில் நண்டுகள் ஓடும் சத்தம், யாரோ தூரத்தில் தாள் கசக்குவது போலக் கேட்கும். அந்தத் தீவின் வடகோடியில் இருந்தது செடார் முனை என்ற பருத்திப் பண்ணை. பைனா அங்கே அடிமை, துரை வீட்டுச் சலவைக்காரி. சிப்பியோ, அதாவது என் அப்பா, துரையின் படகில் முதல் துடுப்புக்காரர். எட்டுப் பேர் துடுப்புப் போடும் நீண்ட படகு அது. முதல் துடுப்புப் போடுகிறவன்தான் பாட்டெடுத்துக் கொடுக்க வேண்டும். அப்பாவுக்குப் பாட்டு யோசிக்காமலே வரும். கரையில் யார் நின்றாலும், எந்தப் பறவை எழுந்தாலும், அந்த நேரத்திலேயே அதைப் பாட்டில் சேர்த்துவிடுவார்.

பைனா உயரமானவள். பேச்சு மெதுவாக வரும். எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை அவரைத் தாண்டி எங்கேயோ போய் நின்றுவிடும். அரைத் தூக்கத்தில் நடக்கிறாள் என்று பண்ணையில் கேலி செய்வார்கள். அவள் தூங்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீரில் கை வைத்தே வளர்ந்தவளுக்குத் தண்ணீர் எல்லாவற்றையும் முதலில் சொல்லும் என்று ஒரு நம்பிக்கை. மழை வருவதும், படகு வருவதும், துரைசாணி கோபமாக மாடிப்படி இறங்குவதும் அலசுதொட்டியின் நீர் நடுக்கத்தில் தெரியும் என்பாள்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றாம் வருஷம் ஏப்ரல் மாதம், வானம் கழுவித் துடைத்தது போலிருந்த ஒரு காலையில் அந்தத் தொட்டியில் மெல்லிய வளையங்கள் எழுந்தன. காற்றில்லை. பக்கத்தில் யாரும் நடக்கவில்லை. வடக்கே மிகத் தொலைவில், தரைக்கு அடியில் உறுமுவது போல ஏதோ கேட்டது. கரைக்கு வந்த சிப்பியோவிடம், இந்த வெயிலில் இடி இடிக்கிறதே என்றாள். அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சார்ல்ஸ்டன் துறைமுகத்துப் பக்கம், அது மனுஷன் போடுகிற சத்தம் என்றார்.

அப்படித்தான் எங்கள் தீவுக்கு வடக்கு தெற்குச் சண்டை வந்தது, தொட்டித் தண்ணீரில் ஒரு வளையமாக. அன்று மாலை துரை வீட்டில் விருந்து. வடக்கத்தியான்களை ஒரே மாதத்தில் விரட்டிவிடலாம் என்று நாற்காலி மேல் ஏறி நின்று குடித்தார்கள். எதற்காகச் சண்டை என்று அவர்கள் மேஜையில் பல பெயர் சொல்லிப் பேசிக்கொண்டார்கள். பரிமாறிய எங்கள் ஆட்களுக்கு ஒரே பெயர்தான் காதில் விழுந்தது. அது அடிமைகளான அவர்களுடையது. மறுநாள் மேஜைவிரிப்புகளிலிருந்து ஒயின் கறையை எடுக்க பைனாவுக்கு நாள் முழுவதும் ஆயிற்று.

அந்த வருஷம் நவம்பரில் வந்ததை எங்கள் தீவில் இன்றும் 'பெரிய பீரங்கி நாள்' என்றே சொல்கிறார்கள். வயது சொல்லும்போது கூட, பெரிய பீரங்கி நாளில் நான் நடை பழகிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்வார்கள். வியாழக்கிழமை. பருத்தி பாதி எடுத்தபடி வயலில் வெளுத்துக் கிடந்தது. வடக்குப் படையின் கப்பல்கள் துறைமுக வாயிலில் வட்டம் சுற்றிச் சுற்றிக் கோட்டைகளைச் சுட்டன. ஒன்பது மணிக்குத் தொடங்கியது நடுப்பகல் தாண்டியும் நிற்கவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் தாமாகப் பாடின. கோழிகள் முட்டையை விட்டு எழுந்து ஓடின. தொட்டித் தண்ணீர் கொதிப்பது போலத் துள்ளியது என்று பெரியம்மா சொல்வாள்.

மத்தியானம் துரைக்கு ஆள் வந்தது. கோட்டைகள் விழுந்துவிட்டன. உடனே படகில் ஏற வேண்டும். துரை, துரைசாணி, இரண்டு குழந்தைகள், வெள்ளிப் பாத்திரப் பெட்டி. வீட்டு வேலைக்காரர்களும் வர வேண்டும். வராதவர்களைச் சுடுவதற்கு மேற்பார்வைக்காரன் துப்பாக்கியோடு படகின் முனையில் உட்கார்ந்திருந்தான். வயல்காரர்கள் ஏற்கெனவே சோளக்கொல்லைக்குள் மறைந்துவிட்டார்கள். துரைசாணி பைனாவைப் பார்த்து, கொடியில் காயும் படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு ஓடி வரச் சொன்னாள்.

பைனா போய் விரிப்புகளை எடுத்தாள். ஆறு விரிப்பு. அவற்றைக் கையில் ஏந்திக்கொண்டு படகுத்துறையை நோக்கித்தான் நடந்தாளாம். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் கால் இடது பக்கம் திரும்பியது. நான் திருப்பவில்லை, அதுவாகத் திரும்பியது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். வயதான பிறகு ஒருநாள், இல்லை, நான்தான் திருப்பினேன் என்றாள்.

இடது பக்கம் சதுப்பு. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். புல்லுக்குள் நடந்து, இடுப்பளவு வந்ததும் நின்று, பிறகு தோளளவுக்கு இறங்கினாள். விரிப்புகளை விட்டுவிட்டாள். ஐந்து மூழ்கின. ஒன்று மட்டும் காற்றை உள்ளே வைத்துக்கொண்டு, பெரிய வெள்ளைப் பூ மாதிரி கால்வாயை நோக்கி மிதந்துபோனது.

துறையில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. இரண்டு முறை சுட்ட சத்தமும் கேட்டது. பிறகு துடுப்புகள். புல் இடைவெளியில் அவள் படகைப் பார்த்தாள். முதல் துடுப்பில் சிப்பியோ. அவர் கண் மிதந்துபோன விரிப்பின் மேல் விழுந்தது. ஒரு துடுப்பளவு நேரம் அவர் பாடவில்லை. பிறகு எடுத்தார். தண்ணீர் இன்னும் ஒரு மணி நேரம் ஏறும், தலையைத் தூக்காதே பறவையே, மேற்குப் பக்கம் மண் கெட்டி, இறங்கும் தண்ணீரோடு நட. இதுதான் பாட்டு. மற்ற ஏழு பேரும் திருப்பிப் பாடினார்கள். துரைக்கு அது வழக்கமான துடுப்புப் பாட்டு. அப்படியே படகு வளைவில் திரும்பிப் போயிற்று. பாட்டு மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீர் மேல் தங்கியிருந்தது.

அவர்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு வருஷம். ஒரு குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது.

அடுத்த சில வாரங்களைப் பெரியம்மா சொல்லும்போது குரல் இறங்கிவிடும், கண்ட கனவைச் சொல்கிறவர்களைப் போல. துரை வீடு திறந்து கிடந்தது. திரைகள் ஜன்னலுக்கு வெளியே வந்து ஆடின. வயல்காரர்கள் கம்பளத்தில் வெறுங்காலோடு நடந்து பார்த்தார்கள். ஒருவர் துரையின் கருப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மாடு கட்டப் போனார். பியானோவை யாரோ ஒரே ஒரு விரலால் நாள் முழுவதும் தட்டிக்கொண்டிருந்தார்கள். பைனா மாடிக்கு ஏறி, பதினோரு வருஷம் எந்தப் படுக்கைக்கு விரிப்பு வெளுத்தாளோ அந்தப் படுக்கையில் படுத்தாள். மேடும் பள்ளமுமாக இருந்ததாம். ஆனாலும் மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை அசையாமல் தூங்கினாள். எழுந்தபோது யாரும் அவளைத் தேடவில்லை. அதுதான் விடுதலை என்று அப்போது அவளுக்குத் தெரியாது. காது அடைத்துக்கொண்டது போலிருந்தது என்றாள்.

வடக்குப் படையின் நீலச் சட்டைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் அழுக்குத் துணி இருந்தது. பைனா பியூபர்ட் ஊரில் படைமுகாமுக்குப் பின்னால் தொட்டிகளைப் போட்டாள். முதல் முறையாக அவள் வேலைக்கு அவள் கையில் கூலி விழுந்தது. வடக்கிலிருந்து டீச்சரம்மாக்கள் வந்து பள்ளி வைத்தார்கள். பெரியவர்களும் சிலேட்டு பிடித்தார்கள். சோடாக்காரத்தில் வெடித்த விரலால் எழுதுகோலைப் பிடிக்க முடியாமல் பைனா தன் பெயரோடு நிறுத்திக்கொண்டாள்.

சில மைல் தண்ணீருக்கு அந்தப் பக்கம், தெற்குப் படை வைத்திருந்த கரையில் எங்கேயோ சிப்பியோ இருந்தார். அந்தச் சில மைல்தான் சண்டையின் எல்லை. தெளிவான நாட்களில் அக்கரை மரங்கள் நீலக் கோடாகத் தெரியும். சலவை முடிந்த பிறகு பைனா துறையில் போய் நிற்பாள். யாராவது கேட்டால், துணி காய்கிறதா என்று பார்க்கிறேன் என்பாள். துறையில் துணி எதுவும் இருக்காது.

அறுபத்துமூன்றாம் வருஷம் ஜனவரி முதல் தேதி, ஆற்றோரத்து ஓக் மரத் தோப்பில் தீவுகளின் ஜனமெல்லாம் கூடியது. மரங்களிலிருந்து சாம்பல் நிறப் பாசி தாடி தாடியாகத் தொங்கியது. மாடுகள் முழுசாக நெருப்பில் வெந்துகொண்டிருந்தன. இஞ்சி போட்ட சர்க்கரைப்பாகுத் தண்ணீர் பீப்பாய் பீப்பாயாக நின்றது. மேடையில் ஒருவர் ஜனாதிபதியின் காகிதத்தைப் படித்தார். எதிர்த்து நிற்கிற மாநிலங்களின் அடிமைகள் இன்று முதல், இனி எப்போதும், சுதந்திரமானவர்கள். படித்து முடித்ததும் எப்படி மகிழ்வது என்று தெரியாமல் கூட்டம் அமைதியாக நின்றது. அந்த அமைதியில், மேடைக்குப் பக்கத்தில் ஒரு கிழவரின் உடைந்த குரல் தானாகப் பாட ஆரம்பித்தது. இரண்டு பெண் குரல்கள் சேர்ந்தன. பிறகு எல்லோரும்.

பைனா பாடவில்லை. பக்கத்தில் ஜெபக்கூடத்து மூப்பர் டைட்டஸ் மாமா நின்றிருந்தார். அவரிடம் கேட்டாள்.

"மாமா, இந்தக் காயிதம் அக்கரைக்கும் சேத்துத்தானா?"

"அக்கரைக்குத்தாம்மா மொதல்ல."

"அப்போ சிப்பியோவும் இந்த நேரம் சுதந்திரமா நிக்கிறாரு."

"ஆமா."

"அவருக்குத் தெரியாது."

டைட்டஸ் மாமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "தெரியாமயும் சுதந்திரமா இருக்கலாம் போல" என்றார். அவள் அன்று முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். விடுதலையாகிவிட்ட ஒருவர், தெரியாமல், எங்கேயோ துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

உண்மையில் அவர் அப்போது மண் வெட்டிக்கொண்டிருந்தார். துரை சார்ல்ஸ்டனுக்கு ஓடிப்போய், துடுப்புக்காரர்களைத் தெற்குப் படைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். துறைமுக வாயிலில் மணல்மேட்டுக் கோட்டைக்கு மூட்டை சுமந்து, மணல் அணைத்து, குண்டு பறித்த பள்ளங்களை மூடுகிற வேலை.

ஜூலையில் இரண்டு சேதிகள் ஒரே வாரத்தில் வந்தன. வடக்கே பென்சில்வேனியாவில் மூன்று நாள் சண்டையில் தெற்குப் படை தோற்றுப் பின்வாங்கிவிட்டது. மேற்கே மிசிசிப்பி ஆற்றின் பெரிய கோட்டை பட்டினியில் சரணடைந்தது. பியூபர்ட்டில் மணி அடித்தார்கள். சண்டை திரும்பிவிட்டது என்று சிப்பாய்கள் துணியைச் சலவைக்குப் போடும்போது சொன்னார்கள். பைனாவுக்கு அந்த ஊர்களின் திசைகூடத் தெரியாது. தொட்டித் தண்ணீர் அசையவில்லை. அதனால் அவள் அதை முழுசாக நம்பவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தண்ணீர் அசைந்தது. விடிந்ததிலிருந்து வடக்கே அதே உறுமல். பொழுது சாய்ந்தும் ஓயவில்லை. எங்களைப் போலக் கருப்பு நிறத்துச் சிப்பாய்களின் படை ஒன்று, பாஸ்டன் பக்கத்திலிருந்து வந்தது, அந்த மணல்கோட்டையின் மேல் நேராக ஓடி ஏறியது. கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, இவர்கள் சண்டை போடுவார்களா என்று யாரும் கேட்கவில்லை. காயம்பட்டவர்களைக் கப்பல்கள் பியூபர்ட்டுக்குக் கொண்டுவந்தன. ஊர்ப் பெண்கள் எல்லோரும் தர்பூசணியும் சோளரொட்டியும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பைனா வெந்நீர் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆம்ப்ரோஸ் என்று ஒருவன். கயிறு திரிக்கிற தொழில். இடது கை போயிருந்தது. காய்ச்சலில் கண் பளபளவென்று இருந்தது. சட்டையை வெட்டி எடுக்கும்போது அவனாகவே பேசினான்.

"அக்கா, கோட்டைக்குள்ள நம்ம ஆளுங்க இருந்தாங்க. மம்பட்டியோட. நான் சரிவுல விழுந்து கெடந்தப்போ உள்ளேயிருந்து கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"பாட்டு. படகுக்காரங்க பாடுவாங்களே, அந்த மாதிரி இழுத்து இழுத்து."

பைனா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். என்ன பாட்டு என்று கேட்டாள். அவனுக்குச் சொல் நினைவில்லை. மெட்டைச் சொல்லப் பார்த்தான், வரவில்லை. மறுநாளும் கேட்டாள். மூன்றாம் நாள் அவன் இல்லை. அவனுடைய சட்டையை அவள் துவைத்து, மடித்து, மருத்துவமனையில் யாரும் கேட்காததால் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் அவள் அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு வாழ்ந்தாள். அவர் உயிரோடிருக்கிறார், அந்தக் கோட்டைக்குள் பாடிக்கொண்டிருந்தார். வேறு யாருக்கும் அவள் சொல்லவில்லை. சலவைக் கூலியைச் சேர்த்து, துரை வரி கட்டாததால் அரசாங்கம் எடுத்து ஏலம் விட்ட செடார் முனை நிலத்தில் பத்து ஏக்கர் வாங்கியபோது, வீட்டைத் தண்ணீர் பார்த்துக் கட்டினாள். இரண்டு பேருக்கான வீடு.

அறுபத்துநாலு கடைசியில் வடக்குப் படை ஜார்ஜியாவைக் குறுக்கே நடந்து சவானா நகரத்தை எடுத்தது. அந்தப் படையின் பின்னாலேயே, பண்ணை பண்ணையாக எழுந்து, சட்டியும் குழந்தையும் தலையில் வைத்துக்கொண்டு ஜனம் நடந்தது. ஜனவரியில் அவர்களைக் கப்பல் கப்பலாக பியூபர்ட்டில் இறக்கினார்கள். அப்படியொரு குளிர் எங்கள் பக்கம் வந்ததில்லை. தொட்டியில் பனிக்கட்டி மிதந்தது. பைனா துணி அவிக்கும் கொப்பரைகளைத் துறைக்கே தூக்கிவந்து, தண்ணீர் கொதிக்க வைத்து, இறங்குகிறவர்களுக்கு நனைந்த துணியை வாங்கிக்கொண்டு காய்ந்த துணி கொடுத்தாள். ஆவியில் முகங்கள் வருவதும் மறைவதுமாக இருந்தன.

அந்த ஆவியிலிருந்துதான் என் அப்பா வந்தார். தாடி வளர்ந்திருந்தது. பின்னால் என் அம்மா வீனி. அவள் மார்பில் நான்கு மாதக் குழந்தையாக நான்.

அம்மாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஜார்ஜியாவில் முதல் நாளே அப்பா சொல்லியிருந்தார், தீவில் எனக்குப் பைனா என்று ஒருத்தி இருக்கிறாள் என்று. மணல்கோட்டையும் கடைசியில் விழுந்தபின் துரை அவரை ஜார்ஜியாவில் ஒரு பண்ணைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே வீனியின் குடிசையைக் காட்டி, இனி இங்கே இரு என்றார்கள். அம்மாவை யாரும் கேட்கவில்லை. அவரையும் கேட்கவில்லை. ஆனால் ஒரு வருஷம் கழித்து, படையின் பின்னால் நடக்கும்போது, பாலம் இல்லாத ஓர் ஆற்றங்கரையில், அவர் கட்டைகளைக் கொடியால் கட்டி, எதிர்ப்பட்ட ஜனத்தையெல்லாம் மூன்று நாள் அக்கரைக்குத் தள்ளிக் கொண்டுபோய் விட்டபோது, அம்மா கழுத்தளவு தண்ணீரில் கட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். அந்த மூன்று நாள்தான் எங்களுக்குக் கல்யாணம் என்று அம்மா சொல்வாள்.

பைனா என்னைப் பார்த்தாள். என் உதடு நீலமாக இருந்ததாம். ஒரு கம்பளியைக் கொப்பரை விளிம்பில் சூடாக்கி, என்னை வாங்கி, சுற்றி, திருப்பி அம்மா கையில் கொடுத்தாள். வீட்டு வழியைச் சொன்னாள். அடுப்பில் கஞ்சி இருக்கிறது என்றாள். பிறகு வரிசையில் நின்ற அடுத்த ஆளின் நனைந்த சட்டைக்குக் கை நீட்டினாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குத் திரும்பி, தனக்கென்று கட்டிய அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் காலை, பனிமூட்டத்தில் சதுப்பும் வானமும் ஒன்றாக இருந்தபோது, அப்பா படகுத்துறையில் உட்கார்ந்திருந்தார். அவள் போய்க் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"கோட்டைக்குள்ள பாடினீங்களா?"

"எந்தக் கோட்டை?"

"மணல்கோட்டை. நம்ம சிப்பாய்ங்க ஏறி வந்த அன்னைக்கு. பாட்டுக் கேட்டதா ஒருத்தன் சொன்னான்."

"அங்க யாரும் பாடல பைனா. மூச்சு விடவே எடமில்ல. எல்லாரும் பல்லக் கடிச்சுக்கிட்டுக் குந்தியிருந்தோம். காய்ச்சல்ல எதையாவது கேட்டிருப்பான்."

அவள் சிரித்துவிட்டாளாம். சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று வருஷமாக வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அன்னைக்கு ஏன்யா குதிக்கல? துப்பாக்கி ஒண்ணுதானே இருந்துச்சு."

"நீ ஏன் ஏறல?"

அவர் குதித்திருந்தால் செத்திருக்கலாம், பிழைத்தும் இருக்கலாம். அவள் ஏறியிருந்தால் அடிமையாகவே, ஆனால் கூடவே இருந்திருப்பாள். பனி விலகுகிற வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள் என்று அம்மா சொன்னாள். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போகட்டும் என்றும் இருந்தது, போகக் கூடாது என்றும் இருந்தது என்றாள்.

பிப்ரவரியில் சார்ல்ஸ்டன் விழுந்தது. அதற்கப்புறம் வடக்கேயிருந்து சத்தமே இல்லை. நான்கு வருஷம் பழகிய காதுக்கு அந்த நிசப்தம் ஒரு பாரம் போலிருந்தது. ஏப்ரலில் சண்டை முடிந்தது என்றார்கள். அதே மாதம் ஜனாதிபதியைக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். தீவு முழுவதும் கருப்புத் துணி கேட்டு பைனாவிடம் வந்தது. வால்நட் காயின் தோலையும் இரும்புத் துருவையும் கொதிக்க வைத்து, வந்த துணிக்கெல்லாம் சாயம் போட்டாள். கந்தல் துண்டுகூடக் கருப்பாகிக் கொடியில் ஆடியது. நாங்கள் அப்போதும் அவள் வீட்டில்தான் இருந்தோம். அப்பா மாட்டுக்கொட்டகையில் படுத்தார். அம்மாவும் நானும் அடுப்படியில். பெரியம்மா தன் அறையில். அம்மா கருப்புச் சாயத்தில் கை விட்டு உதவினாள். வேலையில்தான் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். இன்னும் கொஞ்சம் விறகு. போதும். தூக்கு. அவ்வளவுதான்.

கோடையில் அரசாங்க ஆணை வந்தது. கல்யாணங்களை எழுதிப் பதிய வேண்டும், ஒருவனுக்கு இரண்டு மனைவி கூடாது, யாராவது ஒருத்தியைச் சொல்ல வேண்டும். எங்கள் தீவில் இப்படிப் பதினேழு குடும்பம் இருந்தது. விற்றுப் பிரித்ததெல்லாம் இப்போது திரும்பி வந்து வாசலில் நின்றது. எங்கள் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் வந்தது. மூப்பர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் மனைவிக்குத்தான் உரிமை என்றார் ஒருவர். பிள்ளை பெற்றவளைத் தள்ளக் கூடாது என்றார் இன்னொருவர். டைட்டஸ் மாமா அப்பாவைப் பார்த்து, நீயே சொல்லப்பா என்றார்.

அப்பா எழுந்து நின்றார். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. படகில் ஒரு நாளும் வார்த்தைக்குத் தடுமாறாதவர். அம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

பைனா பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"அவரக் கேக்காதீங்க மாமா. வீனி குடிசையக் காட்டுனப்போ அவர யாரும் கேக்கல, இன்னைக்கு மட்டும் கேட்டா எங்கேயிருந்து வரும்? நான் சொல்றேன். அன்னைக்கு நான் புல்லுக்குள்ள எறங்குனேன். எறங்கும்போதே தெரியும், படகு நிக்காதுன்னு. பிரிஞ்சது அப்பத்தான். எழுதாம இருந்துச்சு, இப்ப எழுதிக்கோங்க."

"உனக்கு வருத்தமில்லையாம்மா?" என்றார் டைட்டஸ் மாமா.

"இருக்கு. அதையும் எழுதணுமா?"

பெரியம்மா உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஞாபகம் வந்தவளாக மறுபடி எழுந்து, பதிவுப் புத்தகத்தில் தன் பெயருக்குப் பின்னால் துரையின் குடும்பப் பெயரும் வேண்டாம், சிப்பியோவின் பெயரும் வேண்டாம், விற்கப்பட்டுப் போன தன் தகப்பன் குவாஷின் பெயரைப் போட வேண்டும் என்றாள். பைனா குவாஷ். அந்த ஒரு வரியை எழுத்தரிடமிருந்து பேனாவை வாங்கி அவளே எழுதினாள். கோணல் மாணலாக, பாதிப் பக்கம் அடைத்துக்கொண்டு, இன்றும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொன்னால் பொய். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவள் தன் நிலத்தின் கிழக்கு மூலையைக் குத்தகைக்கு விட்டாள். வீடு எழும்பும்வரை தினமும் எங்களுக்கு ரொட்டி சுட்டாள். ஆனால் ஒரு முழு வருஷம் அப்பாவின் துணியை மட்டும் துவைக்க மாட்டாள். கூடையில் கலந்து வந்தால் எடுத்துத் தனியாக வேலிமேல் போட்டுவிடுவாள். என் துணியை யாருக்கும் கொடுக்க மாட்டாள். எனக்கு நடை வந்ததும் நான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை போட்டேன் என்று அம்மா சொல்வாள்.

பியூபர்ட்டில் அவள் நான்கு பெண்களை வைத்து ஒரு சலவைக்கடை நடத்தினாள். ஆண்களுக்கு ஓட்டு வந்தபோது, வாக்குச்சாவடி வழியில் மிரட்டல் இருந்ததால், பெண்கள் துணையாக நடந்தார்கள். பைனா துணி அடிக்கும் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு என் அப்பாவுக்கும் டைட்டஸ் மாமாவுக்கும் முன்னால் நடந்தாள். சனிக்கிழமைகளில் அப்பா அவளுடைய மூட்டைகளைப் படகில் ஊருக்குக் கொண்டுபோவார். நானும் போவேன். அவள் பின்பக்கம் உட்காருவாள், அவர் துடுப்புப் போடுவார். தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா, காற்று எந்தப் பக்கம், இதைத் தவிர அவர்கள் வேறு பேசி நான் கேட்டதில்லை. வெயில் தண்ணீரில் விழுந்து படகின் உள்பக்கமெல்லாம் நெளியும். சில சமயம் நான் தூங்கிவிடுவேன். விழித்துப் பார்த்தால் துடுப்பை நிறுத்திவிட்டு இருவரும் சும்மா இருப்பார்கள், படகு ஓட்டத்தில் தானாகப் போய்க்கொண்டிருக்கும்.

பெரியம்மா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்கள் உண்டு. ஒரு தச்சர் மூன்று வருஷம் வந்துகொண்டிருந்தார். அவருக்குக் காபி கொடுப்பாள், அவர் செய்த நாற்காலிகளை வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான்.

அப்பா எண்பத்தொன்பதாம் வருஷம், நண்டு பிடிக்கிற பருவத்தில், நெஞ்சு வலித்துப் போனார். சவப்பெட்டிக்குப் பின்னால் மனைவி முதலில் நடக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பெட்டியைத் தூக்கியதும் அம்மா திரும்பி, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பைனாவிடம் போனாள்.

"அக்கா, நீங்க முன்னால வாங்க."

"நீதான் பொண்டாட்டி. நான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"எழுதுனது இருக்கட்டும். தனியா நடக்க எனக்கு முடியல."

பெரியம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வந்து பக்கத்தில் நின்றாள். அவர்களுக்கு நடுவில் என்னை விட்டார்கள். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, சின்னப் பிள்ளை போல இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியம்மாவின் உள்ளங்கை காரத்தில் வெந்து மரத்துப்போய், மரப்பட்டை மாதிரி இருந்தது. கல்லறை வரை ஒரு மைல். ஒருவரும் அழவில்லை. பாதையோரத்துச் சதுப்பில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் நான்கு வருஷம் இருந்தாள். பெரும்பாலும் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டாள், தன் வீட்டில் தூங்கினாள். தொண்ணூற்றுமூன்றில் பெரும்புயல் வந்து தீவைப் புரட்டிப் போட்டதற்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு மத்தியானம், சோளம் உரித்துக்கொண்டே கண் மூடினாள். அம்மாதான் அவளைக் குளிப்பாட்டினாள்.